தனியாக நின்ற மச்சம்

மகளுக்குக் காதுகுத்து. வருகிறவர்களுக்குக் கொடுக்கும் தாம்பூலப் பையில் அவள் முகத்தை அச்சிடலாம் என்று சொன்னது நான்தான். அதை நினைத்தால் இன்றும் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

வீட்டிலிருந்தபடி திண்டுக்கல் அச்சகங்களுக்குப் படங்களை வெக்டாராக மாற்றித் தருகிறேன். போட்டோவைக் கோடுகளாக்கும் வேலை. எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு பிசிறடிக்காது. மகளின் போட்டோவை மென்பொருளில் போட்டு ‘ட்ரேஸ்’ கொடுத்தேன். கண், மூக்கு, ரெட்டைச் சடை எல்லாம் வந்தன. இடது கன்னத்தில் புளியங்கொட்டை அளவுக்கு இருக்கும் மச்சம் மட்டும் வரவில்லை. போட்டோவில் சின்னப் புள்ளியாகத் தெரிவதைத் தூசி என்று மென்பொருளே தள்ளிவிடும். தூசியாம்! பென் டூலை எடுத்து, அதன் ஓரக் கோணலைக்கூட விடாமல் நானே வரைந்தேன். ஒழுங்காக வேலை செய்கிறேன் என்று நினைத்து, முகத்தின் மேல் தனி அடுக்காக, தனி லேயரில் வைத்து, ‘மச்சம்’ என்று பெயரும் போட்டேன். மாமியார் பின்னால் நின்று திரையைப் பார்த்துவிட்டுப் போனார். சின்னாளப்பட்டியில் பை அச்சடிப்பவருக்கு பைலை அனுப்பினேன்.

இரண்டு மூட்டைத் துணிப் பைகள் வந்தன. ஒன்றில்கூட மச்சம் இல்லை. அவருக்குப் போன் செய்தேன்.

“உங்க மாமியாருதாம்மா போன் பண்ணி மச்சத்தை எடுக்கச் சொன்னாங்க. நீங்கதான் தனியா வச்சு, பேரு வேற போட்டிருந்தீங்களே. ஒரு கிளிக்கு, டெலீட்டு. இம்புட்டு ஈசியா யாரும் பைல் தர்றதில்லம்மா.”

பாராட்டுகிறார்!

அத்தை அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

“ஏன் அத்தை எடுக்கச் சொன்னீங்க?”

“பொம்பளப் பிள்ளம்மா அது. நாலு வீட்டுக்குப் போற பை.”

“அவளுக்கு நாலு வயசுதான் ஆகுது.”

“அதான் சொல்றேன். இப்பவே மறைச்சுப் பழகணும்.”

உடம்பெல்லாம் எரிந்தது. ஆனாலும் பெரியவர்களை எதிர்த்துப் பேசாமலே வளர்ந்தவள், கம்ப்யூட்டரில் அந்த பைலைத் திறந்து பார்த்தேன். மச்சத்தை முகத்தின் கோட்டோடு சேர்த்திருந்தால் ஒரே கிளிக்கில் யாராலும் எடுத்திருக்க முடியாது. ஏன் சேர்க்கவில்லை? வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளட்டும் என்று எனக்குள்ளும் ஓர் எண்ணம் இருந்ததா? இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

துணியில் எழுதும் கறுப்பு மார்க்கரை எடுத்துக்கொண்டு மூட்டைகளைக் கூடத்தில் கொட்டினேன். மகள் ஒரு பையைத் தூக்கிப் பார்த்தாள்.

“இது யாரும்மா?”

“நீதான்டா.”

“நான் இல்ல.” தன் கன்னத்தில் விரலை வைத்துக் காட்டினாள்.

அத்தை வந்து நின்றார். “கிறுக்கா ஒனக்கு? இம்புட்டுப் பையிலயுமா வைக்கப் போற?”

“இம்புட்டுலயும்தான் அத்தை.”

மச்சம் வைக்க அழுத்திய அழுத்தில், முதல் பையின் மறுபக்கத்திலும் மை ஊறியிருந்தது.