கிருஷ்ணகிரியில் பெய்த மழை

காக்ஸ் டவுன் வாத்தியார் ஞானாதிக்கம், மனைவி ரெஜினா படுத்திருந்த காசநோய் மருத்துவமனைக்காக நன்கொடை திரட்டச் சேலம்வரை சைக்கிளில் போனார். ஞாயிறு காலைப் பூசைக்குள் திரும்பிவிடுவதாக அவளிடம் சொல்லியிருந்தார். வழியெல்லாம் முன்பின் தெரியாதவர்கள் சோறு போட்டார்கள். திரும்பும் வழியில், சனிக்கிழமை கிருஷ்ணகிரியில் மழை பிடித்துக்கொள்ள, ஒரு வீட்டுக்காரம்மா சைக்கிளைப் பிடித்து நிறுத்தினாள்.

“இந்த மழையில எங்க போறீங்க? கோழி அடிச்சாச்சு. எங்க வீட்டுச் சோறு சாருக்கு எறங்காதா?”

“ஐயோ, அப்படியில்லம்மா.”

அந்தப் பேச்சுக்குப் பயந்தே தங்கினார். மறுநாள் பிற்பகல் வந்து சேர்ந்தபோது ரெஜினாவின் கட்டில் வெறுமையாகக் கிடந்தது.

“காலைல வரைக்கும் வாசலையே பாத்துட்டிருந்தாங்க சார்,” என்றாள் நர்ஸ்.

அந்த அம்மாளைத் திட்டவாவது ஒரு குற்றம் கிடைக்காதா என்று வருஷக்கணக்கில் தேடினார். கிளம்பும்போது ஈர சைக்கிளைக்கூடத் துடைத்து வைத்திருந்தாள், பாவி.