கழுத்துப் பட்டையும் நாலு வேலி நிலமும்

தஞ்சாவூரில் நான் புது வக்கீலாக இருந்தபோது, கழுத்தில் பட்டை கட்டிய ஒரு மிராசுதார் நஷ்டஈடு வழக்குக்காக வந்தார். குடவாசல் அருகே அவர் போன வாடகைக் கார், நின்றிருந்த லாரியில் மோதிவிட்டது. கழுத்து திரும்பாது. யாராவது கூப்பிட்டால், திருவாரூர்த் தேர் மாதிரி முழு உடம்போடு நிதானமாகத் திரும்புவார்.

"டிரைவர் கவனிக்காம ஓட்டினார்னு மட்டும் சொல்லுங்க ஐயா" என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன்.

சாட்சிக் கூண்டில் ஏறியவர், "தப்பு என்னோடதுங்க" என்றார். "'அதோ பாருப்பா, நில உச்சவரம்புச் சட்டத்துல சர்க்காருக்குப் போன நம்ம நாலு வேலி நிலம்'னு நான்தான் அவனைத் திரும்பிப் பார்க்க வச்சேன்."

மூலையில் நின்ற டிரைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டான். நஷ்டஈடு பாதியாகக் குறைந்தது.

"ஏன் ஐயா இப்படிப் பண்ணீங்க?" என்றேன் வெளியே வந்து.

"பிள்ளைகுட்டிக்காரன் தம்பி. லைசென்ஸ் போனா என்ன பண்ணுவான்?"

எனக்கு மனசு இளகிவிட்டது. அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "நான் சொன்னதைக் கோர்ட்டு ரெக்கார்டுல அப்படியே எழுதிக்கிட்டாங்கள்ல? நம்ம நிலம்னு?"

அவர் காப்பாற்றியது டிரைவரையா, நிலத்தையா? இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.