ஈரம் காயாத வைக்கோல்

அந்த வருடம் பெரும்போக வெள்ளாமை வெட்டிச் சூடடித்து நெல்லைப் பிரித்த கையோடு மழை தூறிவிட்டது. நெல்லை மூட்டை கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். வைக்கோல் மட்டும் வயல் வட்டையில் நனைந்து கிடந்தது. பால் மாடுகளைக் காட்டுக்கரைக்கு மேய்ச்சலுக்கு ஓட்டிப்போக ஆமி முகாம்காரர் விடுவதில்லை. கோடையில் அவற்றுக்குப் போட அந்த வைக்கோலை விட்டால் எங்களிடம் வேறொன்றும் இல்லை.

என் கணவர் தினமும் மத்தியானம் வட்டைக்குப் போய்ப் பார்த்து வருவார். மேலாக எடுக்கமாட்டார். கையை அடிவரைக்கும் விட்டு ஒரு பிடி உருவி, கயிறு திரிக்கிற மாதிரி முறுக்குவார். மொறமொறவென்று ஒடிந்தால் சரி. துவண்டால் அப்படியே போட்டுவிடுவார். ஒடிந்தாலும் அவருக்கு நம்பிக்கை வராது. ஒரு தாளின் கணுவைப் பல்லில் வைத்துக் கடித்துப் பார்ப்பார். தாள் காய்ந்த பிறகும் கணுவுக்குள் ஈரம் நிற்கும்.

“இன்னும் ரெண்டு மூணு வெயில் வேணும் புள்ள,” என்றார் ஒருநாள்.

அந்த வெயில் எங்களுக்குக் கிடைக்கவில்லை. மறுநாள் காலை முகாமிலிருந்து ஒலிபெருக்கி கட்டிய வாகனம் தெருத்தெருவாகப் போனது. வயலில் வைக்கோல் குவியல் ஒன்றும் இருக்கக்கூடாதாம், அதற்குள் ஆட்கள் ஒளிகிறார்களாம். பொழுதுபடுவதற்குள் எடுக்காவிட்டால் கொளுத்திவிடுவார்களாம்.

வண்டில் ஒன்றைக் கேட்டு வாங்கி, இருவருமாக ஏற்றினோம். எனக்குக் கையில் குளிர்ச்சி தெரிந்தது.

“இது ஈரமா இரிக்கி. இப்பிடியே போர் வைச்சா அவிஞ்சு போகுமே,” என்றேன்.

“தெரியும். உட்டா கொளுத்திப்போடுவானுகள். மறுகா மாட்டுக்கு என்னத்தப் போடுற?”

வீட்டு வளவின் பின்பக்கத்தில், அடியில் கம்புகள் பரப்பி, காற்றுப் போக வழி விட்டுத்தான் போரை வைத்தார். அவிந்து போகாமலிருக்க அடுக்குக்கு அடுக்கு உப்பும் தூவினார். முற்றத்தில் கொஞ்சம் விரித்துக் காயவைப்போம் என்று நான் கேட்டதற்கும் சம்மதித்தார். ஆனால் அன்றிலிருந்து வானம் மூடிக்கொண்டே இருந்தது.

சில நாட்களில் வளவெல்லாம் ஒரு வாசம் பரவியது. நெல் அவிக்கும்போது வருகிற வாசம் போல, கொஞ்சம் இனிப்பாக. அவர் இரும்பு அலவாங்கைப் போருக்குள் குத்தி, சற்று நேரம் விட்டு இழுத்தார். நுனியைத் தொட்டவர் கையை உதறினார்.

“நாளைக்கு விடிஞ்சதும் பிரிச்சுப் போடணும்,” என்றார்.

விடிந்தபோது போரின் உச்சியிலிருந்து வெள்ளையாக ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. பனி நேரம் என்பதால் அது அடர்த்தியாகத் தெரிந்தது. அவர் ஏணியைச் சாத்தி ஏறவும், வேலியைத் தள்ளிக்கொண்டு ஆமிக்காரர்கள் வரவும் சரியாக இருந்தது.

“புகை என்ன? ஆருக்குச் சிக்னல் குடுக்கிற?” என்று ஒருவன் அரைகுறைத் தமிழில் கேட்டான்.

“புகை இல்ல ஐயா, ஆவி. ஈர வைக்கல் சூடாகி...”

அதற்கு மேல் பேச விடவில்லை. ஏணியிலிருந்து இழுத்து இறக்கினார்கள். சேட்டுப் போடவும் விடாமல் கூட்டிக்கொண்டு போனார்கள்.

நான் அழுதுகொண்டு நிற்கவில்லை. அழுகை வந்தது, ஆனால் என்ன சொல்லி அவரை மீட்பது என்ற யோசனைதான் முன்னுக்கு நின்றது. போருக்குள் கையை விட்டுச் சுடச்சுட ஓர் அணைப்பு வைக்கோலை உருவி, சாக்கில் திணித்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முகாமுக்கு ஓடினேன். தொட்டுப் பார்த்தால் நம்புவார்கள் என்று நினைத்தேன்.

வாசலில் நெடுநேரம் நிறுத்தி வைத்தார்கள். கடைசியில் ஓர் அதிகாரியும், தமிழ் தெரிந்த ஒருவரும் வந்தார்கள். அதிகாரி சாக்குக்குள் கையை விட்டார். அது ஆறிப் போயிருந்தது. வெறும் ஈர வைக்கோல்.

“சூடு எங்க எண்டு கேக்கிறார்,” என்றார் மொழிபெயர்த்தவர்.

“வீட்ட வந்து பாருங்க ஐயா. ஒருக்கா வந்து பாத்தாக் காணும்.”

என்ன நினைத்தாரோ, வந்தார். ஆனால் நான் போருக்குள் குத்தி இழுத்து நீட்டிய அலவாங்கைத் தொடவில்லை. போரை முழுவதும் பிரிக்கச் சொன்னார். உள்ளே என்ன ஒளித்து வைத்திருக்கிறோம் என்று பார்க்க வேண்டுமாம். நான் தனியாகக் கவைத்தடியால் இழுக்கத் தொடங்கினேன். அயல்வீட்டார் வேலிக்குள்ளால் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பக்கத்து வீட்டு மாமி மட்டும் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தா.

“தள்ளு மகள், நான் மத்தப் பக்கத்தால இழுக்கிறன்.”

நடுப்பகுதி கறுத்து, புகையிலை போல இருந்தது. காற்றுப் பட்டதும் அதற்குள் சிவப்பாக ஒன்று ஓடியது. அடுத்த கணம் குப்பென்று பற்றிக்கொண்டது. ஆமிக்காரர்கள் பின்வாங்கித் துவக்கைத் தூக்கினார்கள். மாமி கிணற்றுக்கு ஓடினா. அதைப் பார்த்து அயல் பெண்களும் வேலியைத் தாண்டி வந்தார்கள். வாளிவாளியாக அள்ளி ஊற்றினோம். மாட்டுக் கொட்டிலின் ஓலை கருகியதோடு தீ நின்றது. மாடுகளை அவிழ்த்துவிட்டதால் தப்பின.

அதிகாரி சாம்பலை ஒரு தடியால் கிளறிப் பார்த்தார். அதற்குள் ஒன்றும் கிடைக்கவில்லை, ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் பின்னேரம் கணவர் நடந்து வந்தார். இடது காலை இழுத்து இழுத்து வைத்தார். எரிந்த இடத்தைப் பார்த்தார்.

“மாடு?” என்று கேட்டார்.

“நிக்கிது.”

“சாப்பாடு தா புள்ள.”

அங்கே என்ன நடந்தது என்று அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. நானும் கிளறவில்லை. முதுகில் எண்ணெய் பூசும்போது கண்ட அடித் தடிப்புகளே எனக்குப் போதுமாக இருந்தன. கால் வீக்கம் வற்றியும் நடை பழையபடி திரும்பவில்லை.

வெயில் ஏற ஏற மாடுகளின் விலா எலும்பு தெரிந்தது. வாழைத்தண்டு, பூவரசங்குழை என்று கிடைத்ததை வெட்டிப் போட்டேன். பால் வற்றியது. ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை ஓட்டமாவடியிலிருந்து வந்த மாட்டு வியாபாரிக்கு விற்றோம். வழக்கப்படி மாட்டுக் கயிற்றை வியாபாரியின் கையில் மாற்றிக் கொடுக்க வேண்டிய என் கணவர் வீட்டுக்குள் போய்விட்டார். நான்தான் கொடுத்தேன்.

அடுத்த போகம் சூடடித்து முடித்ததும் மெசின்காரர், “அண்ணன், வைக்கல எங்க இழுத்துப் போடுற?” என்று கேட்டார்.

இவர் குனிந்து ஒரு தாளைக்கூட எடுத்துப் பார்க்கவில்லை. “அப்பிடியே கிடக்கட்டும்,” என்றார்.