ஆறாவது பாட்டன்

பீபிநூர் அல்மாத்தி நகரத்தில் டிராலி பஸ் ஓட்டுகிறாள். ஒன்பது வருடமாக ஒரே தடம். எந்த மாடியில் யார் புதுத் திரை போட்டிருக்கிறார்கள் என்பது வரை அவளுக்கு அத்துப்படி. அவள் குடியிருந்தது மட்டும் ஆறு பெண்கள் அடைந்து கிடந்த ஒரு விடுதி அறையில். மகள் அக்போத்தா சொந்த ஊரான உஷ்டோபேயில் மாமன் வீட்டில் வளர்ந்தாள். செப்டம்பரில் அவளுக்கு ஒன்றாம் வகுப்பு. அதற்குள் கையைக் கடிக்காத வாடகையில் ஒரு படுக்கையறை வீடு பிடித்தாக வேண்டும். வீடு மட்டும் போதாது, வீட்டுக்காரரின் ஒப்புதலோடு அந்த விலாசத்தில் பெயரும் பதிவாக வேண்டும். பதிவில்லாத பிள்ளையைப் பள்ளிக்கூடம் வாசலோடு திருப்பி அனுப்பிவிடும்.

வசந்தம் முழுக்க அலைந்தாள். ஒருத்தி குழந்தை கூடாது என்றாள். ஒருவன் புருஷன் எங்கே என்று கேட்டு, பதிலைக் கேட்டதும் பல்லைக் காட்டினான். ஒரு தரகன் முன்பணத்தை வாங்கிக்கொண்டு கம்பி நீட்டினான்.

ஜூனில் கம்ஷாத் கிடைத்தாள். அறுபது வயது, கை நிறைய வெள்ளி வளையல், வாடகைக்கு விட அவளிடம் ஒரு வீடு. பீபிநூர் வண்டி ஓட்டும் தடத்தின் மேலேயே, மூன்றாம் மாடியில். பால் தேநீரை ஊற்றிக்கொண்டே விசாரித்தாள்.

“எந்த ஊரும்மா நீ?”

“உஷ்டோபேக்கா.”

“அப்போ நம்ம பக்கந்தான். ஏழு பாட்டன் பேரச் சொல்லு பாப்போம்.”

ஏழு தலைமுறைப் பாட்டன்மார் பெயர், சின்ன வயதில் அப்பா உருப்போட வைத்தது. பீபிநூர் மடமடவென்று சொன்னாள். ஆறாவதாக பாய்ஸாக் என்றதும் கம்ஷாத் தொடையில் அடித்துக்கொண்டாள்.

“அடி என் கண்ணே! அவரு எனக்கு அஞ்சாவது பாட்டனாச்சே! நீ வேத்தாளே இல்லடி!”

“அப்போ ஒப்பந்தம் எழுதிக்கலாமாக்கா?”

“சீ, ரத்த சொந்தத்துக்குள்ள காகிதமா? நாலு பேரு கேட்டா கைகொட்டிச் சிரிப்பாங்க.”

“பள்ளிக்கூடத்துக்குப் பதிவு வேணுமே...”

“போன்ல ஒரு பொத்தான அழுத்துற வேல. செஞ்சிட்டாப் போச்சு.”

வேறு யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் பீபிநூர் தேநீரை வைத்துவிட்டு எழுந்து வந்திருப்பாள். எங்கள் ஜனத்தின் புத்தி அப்படி. வெளியாளிடம் பத்துக் கையெழுத்து வாங்குவோம். ஏழு தலைமுறைக்குள் வந்துவிட்டால், கேட்பதற்கே நாக்கு எழாது. எத்தனை பேர் இதில் விழுந்திருக்கிறோம் என்று நினைத்தாலே எனக்கு வயிறு எரிகிறது.

காகிதமில்லாமலே குடியேறி, ஜூலை முழுக்க பீபிநூர் சுவரைச் சுரண்டி வண்ணம் அடித்தாள். ஒழுகிய குழாயை மாற்றினாள். பதிவைப் பற்றி வாயைத் திறந்தால், கம்ஷாத்துக்கு ஒரு நாள் கண்ணாடியைக் காணோம், இன்னொரு நாள் போன் பழுது, அதற்கடுத்த வாரம் நாள் நன்றாக இல்லை. “பறக்காதடி, நான் எங்க ஓடிப் போயிடப் போறேன்” என்பாள்.

ஆகஸ்டு நடுவில் அக்போத்தா வந்தாள், புதுப் பையும் வெள்ளை ரிப்பனுமாக. அம்மாவின் வண்டி கீழே போகும்போதெல்லாம் ஜன்னலில் நின்று கையாட்டுவாள். பீபிநூர் மணியடிப்பாள். பயணிகள் முறைத்தார்கள், முறைக்கட்டும்.

எட்டு நாள்தான். ஒன்பதாம் நாள் கம்ஷாத் சுடச்சுட வட்ட ரொட்டியோடு வந்தாள். புதுச் சுவரைத் தடவிப் பார்த்தாள்.

“வீட்ட எப்படி ஆக்கிட்ட! கைராசிக்காரிடி நீ. சொல்லவே கஷ்டமா இருக்கு, வர்ற ஞாயித்துக்கிழம காலி பண்ணிடு கண்ணு. காலேஜ் தொறக்குறாங்கல்ல, ஒரு பையனோட அப்பா ரெண்டு மடங்கு தாரேங்கிறாரு.”

“அக்கா, பள்ளிக்கூடம் தொறக்க ஒரு வாரந்தான் இருக்கு. பொத்தான மட்டுமாவது அழுத்துங்க, பிள்ளையச் சேத்துடுறேன். அப்புறம் போயிடுறோம்.”

“பதிவு பண்ணிட்டா அப்புறம் உன்ன யாரு கெளப்புறது?” கம்ஷாத் அவள் தோளைத் தட்டினாள். “வெளியாளுன்னா கோர்ட்டு கேசுன்னு நிப்பா. நீ நம்ம ரத்தம், புரிஞ்சுக்குவ.”

கோர்ட்டுக்குப் போகலாம் என்றால் காகிதம் இல்லை. சாட்சி என்றால் பாய்ஸாக் பாட்டன்தான் எழுந்து வர வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை சாவியை வாங்கும்போதும் கம்ஷாத் ஒரு ரொட்டியை நீட்டினாள். எங்கள் வீடுகளில் ஒரு விள்ளலாவது வாயில் போடாமல் பகையாளிகூடப் படி இறங்கமாட்டான். பழக்கதோஷத்தில் அக்போத்தாவின் கை நீண்டது. பீபிநூர் அதைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கினாள்.

“ஐயய்யோ, ரொட்டிய அவமதிக்கிறாளே! இவளும் ஒரு பொம்பளையா!” கம்ஷாத்தின் குரல் வாசல் வரை வந்தது.

உஷ்டோபே பேருந்தில் மகளை ஏற்றி, பையை அவள் மடியில் வைத்தாள். மாமன் அங்கே நிலையத்துக்கு வந்துவிடுவான். ரிப்பன் இரண்டும் பைக்குள் கசங்காமல் இருந்தன.

“அம்மா, அவங்க நம்ம சொந்தந்தானே?”

“ஆமாடி,” என்றாள் பீபிநூர். “அதனாலதான்.”