செத்தவர் துவக்கு யாருக்கு?

துவக்கு, அதாவது துப்பாக்கி, விற்கிற கடையில் நின்றவர்களுக்குத் தெரியும்: துவக்கு வாங்க வருகிறவரால் ஒரு தொந்தரவும் இல்லை, வாங்கிவிட்டுச் செத்துப் போகிறவரால்தான் அத்தனை தொந்தரவும். தொண்ணூறுகளில் ஆக்லாந்தில், மவுண்ட் ஆல்பர்ட் ரயில் நிலையத்துக்குக் கிட்ட அப்படியொரு கடையில் ஐந்து வருடம் வேலை செய்தேன். யாழ்ப்பாணத்தில் கணக்குப் படிப்பித்தவன் அங்கே எப்படிப் போனான் என்று கேட்காதீர்கள். வந்த புதிதில் எனக்கு வேலை தந்த ஒரே ஆள் முதலாளி பிரையன்தான். ஊருக்கு எழுதும் கடிதங்களில் ‘விளையாட்டுச் சாமான் கடை’ என்று எழுதிச் சமாளித்தேன்.

அப்போது இந்த நாட்டில் லைசென்ஸ் ஆளுக்குத்தான். சாதாரண வேட்டைத் துவக்குகளை ஒவ்வொன்றாக யாரும் பதிவதில்லை. வீட்டில் எத்தனை இருக்கிறதென்பது சொந்தக்காரருக்கு மட்டும்தான் தெரியும். அவர் கண்ணை மூடினால், லைசென்ஸ் இல்லாத மனைவி அதை வைத்திருக்கவும் கூடாது, நினைத்த ஆளுக்குத் தூக்கிக் கொடுக்கவும் கூடாது. ஆகவே பிரையன் ஒரு தாள் அச்சடித்து வைத்திருந்தார்: என்னென்ன இருக்கிறது, எங்கே இருக்கிறது, எனக்குப் பிறகு லைசென்ஸ் உள்ள எவரிடம் போகவேண்டும். மூன்றே மூன்று கேள்விகள். அந்தத் தாளை நீட்டி நான் பட்ட பாட்டைக் கேளுங்கள். சொல்லிக் கேளாத மனிதர்களோடு மாரடிக்கிற தொழில் உங்களுடையது என்றால், நீங்களும் என் கட்சிதான்.

திரைச்சீலைக்கும் ஓர் இடம்

ஒரு வெள்ளைக்காரக் கிழவி பழைய திரைச்சீலையில் நீளமாக எதையோ சுற்றிக்கொண்டு கடைக்குள் வந்தார். அவிழ்த்தால் இரட்டைக்குழல் துவக்கு. புருஷன் போன மாதம் செத்துவிட்டாராம். கட்டிலுக்குக் கீழே கிடந்ததாம். வீட்டில் வைத்திருக்கப் பயமென்று ரயிலேறிக் கொண்டுவந்துவிட்டார். பிரையன் வாங்கித் திறந்து பார்த்தார். உள்ளே இரண்டு தோட்டாக்களும் அப்படியே இருந்தன!

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கிழவி மீதல்ல. நாற்பது வருடம் கூட வாழ்ந்தவளிடம் இதைப்பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போன அந்த மனுஷன் மீது. கிழவிக்கோ ஒரு பதற்றமும் இல்லை. “இந்த ஊரில் இன்னும் மரியாதை இருக்கிறது. ரயிலில் ஒருவர் எழும்பி எனக்கு இடம் தந்தார், இன்னொருவர் தள்ளியிருந்து திரைச்சீலைக்கும் இடம் தந்தார்” என்றார்.

நாய்க்கு உயில் உண்டு

வாடிக்கைக்காரர் ஒருவர் உயில் எழுதிவிட்டேன் என்று பெருமையடித்தார். படகு மூத்தவனுக்கு, தூண்டில்கள் இளையவனுக்கு, நாய் பக்கத்து வீட்டுக்காரிக்கு. நாய் என்ன சாப்பிடும், எந்தப் பக்கம் படுக்கும் என்பதுகூட எழுத்தில் இருந்தது. துவக்கு ஒன்பது வைத்திருந்தாரே, அவை யாருக்கு என்று கேட்டேன். “பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.” பிள்ளைகளுக்கு லைசென்ஸ் இருக்கிறதா? இல்லை. தாளை எடுத்து நீட்டினேன். பேனையையும் மூடி கழற்றிக் கொடுத்தேன்.

தாளை மடித்து என் சட்டைப் பையிலேயே செருகிவிட்டார். “நாய்க்கு உயிர் இருக்கிறதப்பா. துவக்கு எழும்பி எங்கேயும் ஓடாது” என்றார்.

என்ன அவசரம்?

எங்கள் ஆட்களில் துவக்கு வைத்திருந்தவர் செல்வராசா அண்ணை ஒருவர்தான். தொழிற்சாலையில் எஞ்சினியர். மலைப்பக்கம் போய்க் காட்டு ஆடு சுட்டுக் கொண்டுவருவார். சைவக்காரனுக்கு இதென்ன வேலை என்று திட்டியவர்கள் வீட்டிலும் அந்த வாரம் ஆட்டுக்கறிதான். எங்களிடம் மூன்று துவக்குகள் வாங்கியிருந்தார். ஒரு வருடமாக அவருக்குப் பின்னால் தாளோடு அலைந்தேன். சாவைப் பற்றி வாய் திறந்தாலே சாவு வந்துவிடும் என்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

கடைசியில் ஒருநாள் சினந்துவிட்டார். “தம்பி, நான் இன்னும் பெட்டையின்ர கலியாணம் பாக்கேல்லை. அதுக்குள்ள என்னை அனுப்ப உமக்கு என்ன அவசரம்?”

இரண்டா, மூன்றா?

ஞாயிற்றுக்கிழமை வேட்டையால் திரும்பி வந்த அண்ணை, புதன்கிழமை வேலையிடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். அவ்வளவுதான். செத்த வீட்டில் துவக்குக் கதை கதைக்காதே என்று சொந்தக்காரர் என்னைத் தடுத்துத் தடுத்து, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு முதல் நாள்தான் அவர் மனைவி இராணி அக்காவிடம் கேட்க முடிந்தது. அக்கா இரும்பு அலுமாரியைத் திறந்தார். இரண்டு இருந்தன. எங்கள் கடைப் புத்தகத்தில் மூன்று.

கூரைக்குள், படிக்குக் கீழே, உடுப்புப் பெட்டிக்குள் எல்லாம் தேடினோம். இல்லை. பொலிசுக்குச் சொல்லியாக வேண்டும் என்றேன். அக்கா திரும்பவும் அலுமாரியைத் திறந்து எண்ணிப் பார்த்தார். தாயும் மகளும் குடியுரிமைக்கு விண்ணப்பம் போட்டுப் பதிலுக்குக் காத்திருந்த நேரம் அது. “நாளைக்கு அவற்ற காரியம் முடியட்டும் தம்பி. பிறகு நானே வாறன். என்னைப் பிடிச்சாலும் பரவாயில்லை, பெட்டையை மட்டும் திருப்பி அனுப்ப வேண்டாமெண்டு நீர் சொல்லும்.”

தானம்

அந்தியேட்டியில் குருக்களுக்குக் குடை, செருப்பு, வேட்டி, படுக்கை எல்லாம் தானம் கொடுப்பது எங்கள் வழக்கம். புதுப் படுக்கை வாங்க யாருக்கும் நினைவில்லை. செத்தவர் பாவித்தது இன்னும் விசேஷம் என்று யாரோ ஒரு பெரியவர் சொல்ல, கராஜிலிருந்து அண்ணையின் மடக்குக் கட்டிலை அதன் கன்வஸ் பையோடு கொண்டுவந்தார்கள். குருக்களின் காரில் அதை ஏற்றியவன் யார் என்று நினைக்கிறீர்கள்? சாட்சாத் நான்தான். இரும்புக் கட்டில் பாரமாகத்தானே இருக்கும் என்று நினைத்தேன். துவக்குக் கடைக்காரனாம்!

திங்கட்கிழமை காலை குருக்கள் கடைக்குப் போன் பண்ணினார். உடனே வரும்படி மட்டும் சொன்னார். பிரையனும் நானும் ஓடினோம். வேட்டையால் களைத்து வந்த அண்ணை, பிறகு எடுத்துவைக்கலாம் என்று கட்டில் பைக்குள்ளேயே செருகிவிட்டிருந்த மூன்றாவது துவக்கு, குருக்கள் வீட்டுக் குளியல் தொட்டியில் துவாயால் போர்த்திக் கிடந்தது. சாமியறையில் வைக்க மனமில்லை, படுக்கையறையில் வைக்கப் பயம். அந்தக் குளிரில் மனுஷன் இரண்டு நாளாகத் தோட்டத்துக் குழாயில் குளித்திருக்கிறார். அவரோ தற்காலிக விசாவில் வந்தவர். பிரையன் துவக்கைத் தூக்கியதும் கையெடுத்துக் கும்பிட்டார். “தானமா வாங்கினதைத் திருப்பிக் குடுக்கிறது மகா பாவம் தம்பி. அந்தப் பாவம் எனக்கு வரட்டும், இது மட்டும் வேண்டாம்.”

இராணி அக்கா சொன்னது

பொலிஸ்காரர் கேட்டு எழுதிக்கொண்டார். அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை. மூன்று துவக்குகளும் கடைக்கு வந்து சேர்ந்தன. நல்ல செய்தியைச் சொல்ல அக்கா வீட்டுக்கு ஓடினேன். அழுவார், இல்லாவிட்டால் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். இரண்டும் இல்லை. மாலை போட்டிருந்த படத்தை நேராகப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த முகத்தில் இருந்த கோபத்தின் முன்னால் என் கோபமெல்லாம் தூசு.

“ஊரில வீட்டில ஒரு வெறுந்தோட்டா கிடந்தாலே ஆமி ஆளைக் கொண்டு போயிடுவான். அந்தப் பயத்துக்குத்தானே இந்தாளோட இவ்வளவு தூரம் ஓடி வந்தனான். இவர் எனக்கெண்டு விட்டிட்டுப் போனது அதே பயத்தைத்தான், தம்பி.”

துவக்கைத் தோளில் போட்டுக்கொண்டு தன்னந்தனியாகக் காட்டுக்குள் போகிற இந்தச் சூரர்கள் உலகத்தில் பயப்படுவது ஒன்றே ஒன்றுக்குத்தான்: மூன்று கேள்வி அச்சடித்த ஓர் ஒற்றைத் தாளுக்கு.