கறுப்புப் பொலித்தீனுக்குள் தங்கமீன்

கண்டியில் நடந்த அலங்கார மீன் போட்டிக்கு, மாத்தளையிலிருந்து என் தங்கமீனை பஸ்ஸில் கொண்டுபோன நாள் அது. யுத்த காலம். வழியில் வெளிச்சம் பட்டு மிரண்டால் போட்டி மீன் வெளிறிவிடும், செட்டையை விரிக்காது. நடுவர் திரும்பியும் பார்க்க மாட்டார். அதனால் மீன் வாளியைக் கறுப்புப் பொலித்தீனால் இறுகச் சுற்றி, காற்றுக்குப் பற்றரி பம்ப் பொருத்தி, சீட்டுக்கு அடியில் வைத்திருந்தேன்.

பக்கத்து வீட்டு செல்வராஜும் கூட வந்தார். "இந்த முறை கப்பு நமக்குத்தாங்கண்ணே" என்றார்.

சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். உள்ளே ஏறிய ஆமிக்காரர் குண்டு என்று கத்தினார். கறுப்புப் பொதி, வயர், உள்ளிருந்து 'கிர்' என்ற சத்தம். சனம் சிதறி ஓடியது.

"என்னுடையதுதான், மீன் சேர்" என்று சிங்களத்தில் சொன்னேன். துப்பாக்கி என் பக்கம் திரும்பியது. இன்னொருவர் செல்வராஜிடம், "இவரைத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியாது சேர்."

என்னைத் தனியாக ஏறிப் பொதியைப் பிரிக்கச் சொன்னார்கள். இறுகச் சுற்றியதைப் பிய்த்து இழுத்ததில் வாளி கவிழ்ந்தது. பஸ் தரையில் மீன் துடித்து அடங்கியது. எட்டிப் பார்த்த ஆமிக்காரர், "சரி, போ" என்றார்.

திரும்பி வரும்போது செல்வராஜ், "புள்ளைங்க இருக்காங்கண்ணே" என்றார். நானும் 'தெரியாது' என்றுதான் சொல்லியிருப்பேன் என்றேன்.

இப்போதும் போட்டிக்குப் போகிறேன். பம்ப் இல்லை, மூடுவதும் இல்லை. எல்லோருக்கும் தெரிகிற மாதிரி, நிறமில்லாத பொலித்தீன் பையில் மடியில் வைத்துக்கொள்கிறேன். மீன் மிரண்டு வெளிறித்தான் போய்ச் சேருகிறது, பரிசு கிடைப்பதில்லை. பரவாயில்லை, மிரளுவது மீன் மட்டுமாக இருக்கட்டும்.