காசிமாயன் நெஞ்சில் நடந்த பாடம்

காசிமாயனுக்கு வயது ஐம்பத்திரண்டு. விளாங்குடியில் ஒரு தனியார் நர்சிங் பள்ளிக்கு வாட்ச்மேன். எம்புட்டுத் தின்றாலும் சதை பிடிக்காத உடம்பு. ரோட்டில் நின்றே விலா எலும்பை எண்ணிவிடலாம். அந்த எலும்புதான் அவரை வாசலிலிருந்து லேபுக்குள் கூட்டிப் போனது.

உடற்கூறு பாடத்துக்கென்று இருந்த பிளாஸ்டிக் பொம்மையின் கல்லீரலையும் குடலையும் யாரோ தொலைத்துவிட்டார்கள். புதுசு வாங்கத் தாளாளர் இன்பசேகரனுக்கு மனசில்லை. வியாழக்கிழமைதோறும் சட்டையைக் கழற்றிவிட்டு லேபில் வந்து நில் என்று காசிமாயனிடம் சொன்னார். வருஷப் பரீட்சை நல்லபடியாக முடிந்தால் லேப் அட்டெண்டர் வேலை என்றும் சொன்னார். அட்டெண்டருக்கு உட்கார ஒரு ஸ்டூல் உண்டு, தலைக்கு மேல் ஃபேன் உண்டு. பதினோரு சித்திரை வெயிலை வாசல் கேட் பக்கத்தில் நின்று வாங்கிய மனுஷனுக்கு வேறென்ன வேண்டும்?

பாடம் எடுத்தவர் ஜோசபின் டீச்சர். ஆம்பளை உடம்பைத் தொட்டுக் காட்ட அவருக்குக் கூச்சம். கரும்பலகையை ஒட்டி நின்றபடியே, இதயம் இடது பக்கம், அஞ்சாவது விலா இடுக்கு, ஸ்டெத்தை வைங்க, கேக்குதா என்பார். முப்பது பிள்ளைகள் வரிசையாக வரும். எதிரே நின்று வைக்கிற பிள்ளைக்குத் தன் இடது கைப் பக்கம்தான் இடது. அது காசிமாயனுக்கு வலது என்று ஒன்றுக்கும் உறைக்கவில்லை.

வேறு ஆளாக இருந்தால் முதல் வாரமே உறைத்திருக்கும். வைத்த இடத்தில் சத்தம் கேட்காமல் பிள்ளைகள் முழித்திருக்கும். காசிமாயனுக்கோ பிறவியிலேயே இதயம் வலப் பக்கம். அது அவருக்கும் தெரியாது, பெற்றவளுக்கும் தெரியாது. ஆக, தப்பாக வைத்த பிள்ளைகளுக்கெல்லாம் மேளம் கொட்டியது மாதிரி கேட்டது. கேக்குது டீச்சர் என்றார்கள். டீச்சருக்கும் பரம திருப்தி.

முத்துமீனா என்று ஒருத்தி மட்டும், டி. கல்லுப்பட்டிப் பக்கத்துப் பிள்ளை, அவருடைய நிஜமான இடப் பக்கத்தில் கொண்டுபோய் வைப்பாள். ஒன்றும் சரியாகக் கேட்காது. காதைச் சுத்தம் பண்ணிவிட்டு வா என்று டீச்சர் திட்டுவார். அவளும் சொட்டு மருந்து வாங்கி ஊற்றிக்கொண்டுதான் வந்தாள். காசிமாயனே மனசு கேட்காமல் ஸ்டெத்தைப் பிடித்து நகர்த்தி, "இந்தா, இங்கன வையி ஆத்தா" என்று காட்டுவார். அடுத்த வியாழன் பழையபடி அங்கேதான் வைப்பாள். இந்த ஒரு பிடிவாதக்காரியால் ஸ்டூல் கைவிட்டுப் போய்விடுமோ என்று அவருக்குப் பயம்.

மற்றபடி தனக்கு வைத்தியம் பாதி வந்துவிட்டதென்றே அவர் நினைப்பு. ஒரு கல்யாணப் பந்தியில் மச்சினன் இடது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தபோது, "நெஞ்சு அந்தப் பக்கம் இல்ல மாப்ள, இது வாயு" என்று சோடா வாங்கிக் கொடுத்தார். மச்சினன் ஆயுசு கெட்டி, அது வாயுவேதான்.

பரீட்சைக்கு வெளியூரிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்தார். முதல் பிள்ளை ஸ்டெத்தை வைத்தது. அது எந்தப் பக்கம் என்று டாக்டரம்மா கேட்டார். இடது மேடம் என்றது பிள்ளை. டாக்டரம்மா தன் ஸ்டெத்தைக் காசிமாயனின் இடப் பக்கம் வைத்தார். கருவி கெட்டுவிட்டதா என்று விரலால் தட்டினார். பிறகு வலப் பக்கம் வைத்தார், அங்கே மேளம் கொட்டியது. வயிற்றைத் தட்டிக் கல்லீரலைத் தேடினார். அதுவும் இடம் மாறிக் கிடந்தது.

எல்லாரையும் போல இருக்கிற ஒரு ஆள் வேண்டும் என்றார். எட்டிப் பார்த்த இன்பசேகரனை விட்டால் அந்நேரம் கட்டிடத்தில் வேறு ஆம்பளை இல்லை. சட்டையைக் கழற்றினார். இருபத்தொன்பது பிள்ளைகளும் வரிசையாக அவர் வலது நெஞ்சில் வைத்து முழித்தன. ஒரு பிள்ளை, ஆள் உயிரோடுதான் இருக்கிறாரா என்று முகத்தை நிமிர்ந்து பார்த்தது. கடைசியாக வந்த முத்துமீனா இடப் பக்கம் வைத்தாள். கண் நிறைந்துவிட்டது.

"கேக்குது மேடம். எனக்கும் கேக்குது."

இன்பசேகரன் பனியன்கூடப் போடாமல் காசிமாயன் மேல் பாய்ந்தார். ஏன்யா முன்னாடியே சொல்லவில்லை என்று கத்தினார்.

"எனக்கெங்கய்யா தெரியும்? பொறந்ததுல இருந்து வேற நெஞ்சு வச்சா பழகுனேன்? வருசம் பூரா அம்புட்டுப் பிள்ளைகளும் கேட்டுச்சுக. ஒரு நாளாச்சும் நெஞ்சு நின்னுச்சா?"

டாக்டரம்மாதான் முடித்துவைத்தார். பத்தாயிரத்தில் ஒருத்தருக்கு இப்படி அமையும், இந்த மனுஷனை விட்டுவிடாதீர்கள் என்றார். முத்துமீனா பாஸ். மற்றவர்களுக்கு ஒரு மாசம் கழித்து மறுபரீட்சை. அதுவரை இவர் ஒரு பக்கம், சாதாரண உடம்பு ஒன்று மறுபக்கம் நிற்க வேண்டும். இவரை லேப் அட்டெண்டராக நியமித்த உத்தரவைக் காட்டினால்தான் தேதி தருவேன் என்றும் சொல்லிப் போனார்.

உத்தரவு மறுநாளே வந்தது. சாதாரண உடம்புக்குத்தான் ஆள் அகப்படவில்லை. டிரைவர் மாட்டேன் என்றார், கேண்டீன்காரர் கூச்சம் என்றார்.

வியாழக்கிழமை காசிமாயன் ஃபேனுக்கு அடியில் ஸ்டூலைச் சரியாக இழுத்துப் போட்டு உட்கார்ந்து, புது வேலையின் முதல் வார்த்தையைச் சொன்னார்.

"சட்டையைக் கழட்டுங்க சார். பிள்ளைக நிக்குதுக."